உண்டியல் மேசையில் நின்றவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நடைவண்டி | ஞாயிறு, இரவு 10:40

வணக்கம். பெரும்பாலும் படித்துவிட்டு மட்டும் போகிறவன் நான். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

மனநலத் தொண்டு அமைப்பு ஒன்று நிதி திரட்ட நடத்திய நடைப்பயணத்தில் இன்று காலை தன்னார்வலராக நின்றேன். முதல் முறை. நேற்று மாலை ஒரு மணி நேரப் பயிற்சி தந்தார்கள். அதில் முக்கால் மணி நேரம் ரசீதுப் புத்தகம், உண்டியல், கழுத்தில் மாட்டும் அட்டை, எந்த வாசல் வழியாக வருவது என்பதிலேயே போய்விட்டது. மீதி நேரம் அமைப்பின் வரலாறு. எனக்குக் கிடைத்தது நன்கொடை மேசை. பணத்தை வாங்கு, பெயரைக் கேள், ரசீது கிழித்துக் கொடு, நன்றி சொல். சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பத்து மணி வாக்கில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நான்காக மடித்த நோட்டுகளை நீட்டினார். "யார் பெயரில் ஐயா?" என்றேன். ஒரு பெயரைச் சொன்னார், எழுதினேன். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, "இரண்டு சுழி இல்லை தம்பி, மூன்று சுழி" என்று என் பேனாவை வாங்கி அவரே திருத்தினார். பிறகு மெதுவாக, "என் தம்பி பெயர். இந்த மாதத்தோடு ஏழு வருடம். அவனாகவே முடிவு செய்துகொண்டு போய்விட்டான்" என்றார்.

அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். கொடியசைக்க வரும்படி ஒலிபெருக்கியில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான், "கவலைப்படாதீர்கள் ஐயா, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் கை அடுத்தவரின் பணத்துக்கு நீண்டுவிட்டது. அவர் சிரித்தார். ரசீதை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சிரிப்புதான் என்னை விடமாட்டேன் என்கிறது. என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அவர் சிரித்த சிரிப்பு அது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காகிதம் | ஞாயிறு, இரவு 11:05

விடுங்கள் தம்பி. நல்ல எண்ணத்தில்தானே சொன்னீர்கள். அவர் இந்நேரம் மறந்திருப்பார்.

இரவுப்பணி | திங்கள், காலை 6:20

மறந்திருக்கமாட்டார். ஆனால் உங்கள்மேல் கோபமும் இருக்காது. அந்த வாக்கியத்தை ஏழு வருடமாக எல்லோரிடமும் கேட்டுக்கேட்டுப் பழகியிருப்பார்.

மனநலப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது "காலம்" என்ற சொல். மாதக் கணக்குச் சொல்லி ஏழு வருடம் என்கிற மனிதரிடம் காலத்தைப் பற்றி நாம் சொல்ல என்ன இருக்கிறது? அவர் கையில் இருப்பதே அந்தக் கணக்குதான். இன்னொன்று, தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் பல நேரம் அந்தப் பெயரே புழக்கத்திலிருந்து போய்விடும். உறவினர்கள் சொல்லமாட்டார்கள். பக்கத்து வீட்டார் பேச்சை மாற்றுவார்கள். அவர் உங்களிடம் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, எழுத வைத்து, சுழியையும் திருத்தியிருக்கிறார். அவர் கேட்டது அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெயரை நீங்களும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். "மூன்று சுழி, சரிதானே ஐயா?" என்று கேட்டிருந்தாலே போதும். ஆறுதல் சொல்லும் பொறுப்பு உங்களுடையது இல்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் வேறு இரண்டு அமைப்புகளும் சேர்ந்து 2011-ல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கையேடு வெளியிட்டன. பேரிடர் நடந்த இடங்களில் வேலை செய்பவர்களுக்காக எழுதியது. ஆனாலும் அதன் சாரம் உங்கள் மேசைக்கும் பொருந்தும்: பார், கேள், இணை. அவர் நடுங்குகிறாரா, தனியாக வந்திருக்கிறாரா என்று பார்க்கலாம். இடைமறிக்காமல் கேட்கலாம். பிறகு உதவக்கூடியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அறிவுரை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசுகிறவர் சில வேளை தன்னைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். அப்படி ஐயம் வந்தால் வரிசையிலிருந்து தள்ளி அழைத்துப் போய் நேரடியாகவே கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கும் வருகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்கப்பட்டவருக்குப் பாரம் குறைவதுதான் வழக்கம். ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், பயிற்சி பெற்றவர் வரும்வரை கூடவே இருங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கை நீங்கள் மீற வேண்டி வரும்.

எதிர்க்கேள்வி | திங்கள், காலை 9:12

எல்லோரும் இந்தத் தம்பிக்கு வகுப்பெடுக்கிறீர்கள். முக்கால் மணி நேரம் ரசீதுப் பயிற்சி கொடுத்துவிட்டு, துக்கம் சுமந்து வருகிறவர்கள் முன்னால் இவரை உட்கார வைத்த அமைப்பை ஒருவரும் கேட்கவில்லையே.

எனக்கு இந்த நிதி திரட்டும் விழாக்கள்மேலேயே கசப்பு. ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். இளம்பெண் ஒருவர் மேடையில் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் உடைந்து அழுதார். சரியாக அந்த நொடியில் பின்னால் இருந்த திரையில் பணம் அனுப்புவதற்கான கியூஆர் குறியீடு வந்தது. தற்செயல் என்று நம்ப நான் என்ன குழந்தையா?

இதற்குப் பின்னால் ஆராய்ச்சியே இருக்கிறது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு: பசியால் வாடும் ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் காட்டினால் மக்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் என்று புள்ளிவிவரம் காட்டினால் குறைவாகக் கொடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் அந்தச் சிறுமிக்குப் போகும் பணமும் குறைந்துவிடுகிறது. ஆகவே முகம் வேண்டும், கண்ணீர் வேண்டும். உண்டியல் குலுக்க ஒரு சோகக் கதை வேண்டும்.

மேடையேறியவள் | திங்கள், பிற்பகல் 1:48

எதிர்க்கேள்வி அவர்களே, நீங்கள் பார்த்த அந்தப் பெண் நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம்.

எனக்கு இருதுருவக் கோளாறு. பத்தாண்டுகளுக்கு மேலாக மருந்து எடுக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஒரு தொண்டு அமைப்பின் நிகழ்ச்சியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பேசினேன். முதல் ஆண்டு நானே கேட்டு வாங்கிய வாய்ப்பு. என் வாழ்க்கையை என் வாயால் சொன்னபோது கிடைத்த நிமிர்வை நீங்கள் "சோகக் கதை" என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றாம் ஆண்டு ஒத்திகையின்போது ஏற்பாட்டாளர் ஒருவர் மிகவும் பணிவாகக் கேட்டார்: "மருத்துவமனையில் இருந்த பகுதியை இன்னும் கொஞ்சம் நீட்டலாமா? அங்கேதான் அரங்கம் அமைதியாகிறது." கையில் நேரத்தாள் வைத்திருந்தார். அதில் என் பெயருக்கு நேராக "உருக்கம் - 6 நிமிடம்" என்று எழுதியிருந்தது.

நீட்டவில்லை. இருந்த ஆறு நிமிடத்தில் நான் எப்படி வேலைக்குத் திரும்பினேன், மேலாளர் என்ன கேட்டார், என்ன கேட்கவில்லை என்று பேசிவிட்டு இறங்கிவிட்டேன். அரங்கம் அமைதியாகவில்லை, இரண்டு இடத்தில் சிரித்தது.

அடுத்த ஆண்டு, மேடை வேண்டாம், வேலை கொடுங்கள் என்றேன். பதிவு மேசையில் அட்டை எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி. நான்கு மணி நேரம் பேசிக்கொண்டே வேலை செய்தோம். மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று நான் பையைத் திறந்தபோதுதான் அவளுக்குத் தெரியும். "ஓ" என்றாள். பிறகு, "அந்த ஊக்கு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளுங்கள் அக்கா" என்றாள்.

மேடையில் மூன்று ஆண்டு பேசியதைவிட அந்த "ஓ" பெரிது எனக்கு. இதற்கும் ஆராய்ச்சி உண்டு. பாட்ரிக் கோரிகனும் அவர் குழுவினரும் 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநோய் பற்றிய இழிவான எண்ணம் பெரியவர்களிடம் குறைவதற்கு, தகவல் சொல்லிக் கொடுப்பதைவிட அந்த நோயுள்ளவரோடு நேரில் பழகுவது கூடுதலாக உதவுகிறது. வளரிளம் பருவத்தினருக்கு மட்டும் அது தலைகீழ், அவர்களிடம் பாடம்தான் நன்றாக எடுபடுகிறது. அதனால் என்னை மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் ரசீது மேசைக்கும் கூப்பிடட்டும்.

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 7:30

தலைப்பில் உண்டியல் என்று பார்த்து வந்தேன். இங்கே உண்டியலைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் ஒரு சிறு குறுக்கீடு.

நடைவண்டி தம்பி, உங்கள் உண்டியலுக்கு எண் இருந்ததா? முத்திரை வைத்துக் கொடுத்தார்களா? யார் முன்னிலையில் பிரித்தார்கள்? ஒருவராக எண்ணவே கூடாது. இரண்டு பேர், அவர்கள் உறவினர்களாக இல்லாமல் இருப்பது நல்லது, அங்கேயே எண்ணி, தாளில் தொகை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். தன்னார்வலரைச் சந்தேகிப்பதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு நோட்டுக் குறைந்தால் அவர்மேல் பழி விழாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. மழையில் நனைந்து ஒட்டிய நோட்டுகளை இரவு பதினொரு மணிக்குத் தனியாகப் பிரித்து உலர்த்திய அனுபவம் எனக்கு உண்டு. மறுநாள் கூட்டத்தில் என்னைப் பார்த்த பார்வைகளையும் மறக்கவில்லை.

எதிர்க்கேள்வி ஐயாவின் கசப்பு புரிகிறது. ஆனால் பணம் வேறு எங்கிருந்து வரும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 மனநல அட்லஸ் கணக்குப்படி அரசுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதில் மனநலத்துக்குப் போவது சராசரியாக நூற்றுக்கு இரண்டுதான். மீதி ஓட்டையைத்தான் இந்த உண்டியல்கள் அடைக்கின்றன. உதவித் தொலைபேசியில் தன்னார்வலர்தானே பேசுகிறார், செலவு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவருக்குப் பயிற்சி தர ஒருவர் வேண்டும். கனமான அழைப்புக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். இணைப்புக் கட்டணம், வாடகை, இரவுக் காவல். விழிப்புணர்வுப் பதாகைக்குப் பணம் தர ஆயிரம் பேர் வருவார்கள், தொலைபேசிக் கட்டணத்துக்குத் தர ஒருவரும் வருவதில்லை.

நடைவண்டி | திங்கள், இரவு 9:55

உண்டியலுக்கு எண் இருந்தது. முத்திரை ஒட்டுநாடாதான்!

இரவுப்பணி சகோதரி, உங்கள் பதிலை நான்கு முறை படித்தேன். ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். பின்னால் வரிசை நிற்கிறதே. ஒருவரிடம் நின்று கேட்டால் மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். தள்ளி அழைத்துப் போக எனக்கு இடமும் இல்லை, மேசையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

முன்வாசல் | செவ்வாய், காலை 7:02

இது உங்கள் தவறே இல்லை, ஏற்பாட்டுக் குறை. நான் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்து வருகிறேன். நாங்களும் இதே தவற்றைச் செய்துதான் கற்றுக்கொண்டோம்.

நன்கொடை மேசையில் ஒருவரை உட்கார வைக்கவே கூடாது. இரண்டு பேர். ஒருவர் பணத்தைப் பார்க்க வேண்டும், மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் பார்ப்பவர் எந்த நேரமும் எழுந்து போகலாம், யாரும் கேட்கக் கூடாது.

எழுந்து எங்கே போவது? அதற்கு ஓர் ஓரம் வேண்டும். ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டிய இடம், கூட்டத்தின் கண்ணில் படாத, ஆனால் மறைவில்லாத இடம். எதிரெதிரே நாற்காலி போட்டால் விசாரணை போலிருக்கும், பக்கவாட்டில் போடுங்கள். தண்ணீர் வையுங்கள். தயவுசெய்து அங்கே பதாகை கட்டாதீர்கள். ஒரு முறை "உங்கள் துயரைப் பகிருங்கள்" என்று பெரிய எழுத்தில் கட்டிவைத்தோம், மாலைவரை ஈ காக்கை அண்டவில்லை. பதாகையைக் கழற்றி நாற்காலியை மரத்தடிக்கு மாற்றிய பிறகுதான் ஒருவர் வந்து உட்கார்ந்தார், கால் வலிக்கிறது என்றார். இருபது நிமிடம் கழித்துத்தான் மகளைப் பற்றிச் சொன்னார்.

உதவி எண் அச்சிட்ட அட்டை கொடுப்பீர்கள் அல்லவா? முந்தின நாள் மாலை அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். நாங்கள் ஒரு முறை ஓர் இலக்கம் மாறிய அட்டைகளைக் கட்டுக்கட்டாக அச்சிட்டுவிட்டோம். சோதித்துப் பார்த்தபோது யாரோ ஒரு முதியவர் எடுத்து, மிகப் பொறுமையாக, "தவறான எண் அம்மா, பரவாயில்லை, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவரிடமே அனுப்பியிருக்கலாம் என்று இன்றுவரை எங்கள் குழுவில் சிரிப்போம்.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இலண்டனில் 1953-ல் சாட் வரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு ஆனது. அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும்போது பேச்சுத் துணைக்குத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பேசிய பலர், முறை வந்ததும் பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை என்று போய்விட்டார்களாம். அதைக் கவனித்தவர் 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடமே விட்டுவிட்டார். பிறகு அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சி தருவதும் அவர் வேலையாயிற்று. பயிற்சி என்பதைக் கோடிட்டுப் படியுங்கள்.

கூரைவீடு | செவ்வாய், காலை 11:37

இந்த இழையைப் பார்த்து ஒரு கேள்வி. நானும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், எட்டு மாதமாக. அடுத்த மாதம் இதுபோல் ஒரு நிகழ்ச்சிக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்க ஆசை. போகலாமா? நானே உடைந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தொல்லையாகிவிடுமோ?

மேடையேறியவள் | செவ்வாய், பிற்பகல் 12:15

தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் தடவையே நன்கொடை மேசை வேண்டாம், கதைகள் அங்கேதான் வந்து விழும். வழிகாட்டும் பலகை பிடிப்பது, நாற்காலி அடுக்குவது, தண்ணீர் கொடுப்பது என்று கைக்கு வேலை தரும் இடமாகக் கேட்டு வாங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாதியில் கிளம்ப நேர்ந்தால் காரணம் சொல்லாமல் கிளம்பலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். உங்கள் கதையைக் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரவுப்பணி | செவ்வாய், மாலை 5:40

உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாளைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு ஓடிவிடும் உடம்பு, மறுநாள்தான் கேள்வி கேட்கும். அதனால்தான் முடிந்ததும் பந்தல் பிரிப்பதற்கு முன் தன்னார்வலர்கள் அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறேன். நடைவண்டி தம்பி ஞாயிறு இரவு இங்கே வந்து எழுதியதை அன்று மதியமே அங்கே சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி | செவ்வாய், இரவு 8:21

மேடையேறியவள் சொன்ன "உருக்கம் - 6 நிமிடம்" என் கசப்பைக் கூட்டத்தான் செய்தது. இருந்தாலும் சோகக் கதை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது உங்கள் கதை, எனக்கு அதற்குப் பெயர் சூட்டும் உரிமை இல்லை.

ஆனால் ஏற்பாட்டாளர்கள் ஒன்றைச் செய்யட்டும். சிறப்பு விருந்தினருக்கும் பத்து நிமிடப் பயிற்சி கொடுங்கள். நான் போன நிகழ்ச்சியில் விருந்தினர் "பைத்தியம் பிடித்தவர்களையும் நாம் மனிதர்களாக நடத்த வேண்டும்" என்று முழங்கினார். கை தட்டினார்கள். "தற்கொலை" என்று வந்தால் எந்த முறையில் என்று விவரிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். "மனநோயை வென்ற வீரர்" என்ற பட்டமும் எனக்குப் பிடிக்காது. மருந்தோடு வாழ்கிறவர்கள் எல்லாம் தோற்றவர்களா?

நடைவண்டி | வியாழன், இரவு 10:10

இன்று அமைப்பின் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து வந்தேன். கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். அக்டோபர் 10, உலக மனநல நாளுக்கு அடுத்த நிகழ்ச்சியாம். மேசைக்கு இரண்டு பேர் என்று ஒப்புக்கொண்டார். மரத்தடி நாற்காலிக்கும் இடம் பார்ப்பதாகச் சொன்னார். எனக்கு எந்த வேலை வேண்டும் என்று கேட்டார். அதே மேசை, முகம் பார்க்கிற இருக்கை என்றேன். அதற்கு முன் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார். போகிறேன்.

ரசீதுப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது அந்த அடிக்கட்டையைப் பார்த்தேன். அவர் திருத்திய சுழி கார்பன் வழியாக அடியிலும் அழுத்தமாக விழுந்திருந்தது. என் கையெழுத்துக்கு நடுவே அவருடைய ஒற்றை எழுத்து. முகவரியும் இருந்தது. ஒரு கடிதம் எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

முன்வாசல் | வியாழன், இரவு 10:32

எழுதாதீர்கள். ரசீதுக்காகக் கொடுத்த முகவரி அது. அவர் மறுபடியும் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள், அது போதும்.

நடைவண்டி | வியாழன், இரவு 10:41

சரி. எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 6:55

ரசீதில் அடித்தோ திருத்தியோ எழுதினால் பக்கத்தில் வழங்கியவரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தணிக்கையில் எழுதிவிடுவார்கள். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

இந்த ஒரு ரசீதை நான் பார்க்கவில்லை.